மாட்டுப் பொங்கலன்று ட்ராக்டர் கிளப்பிய படலம்

வாழ்க செல்லையன்! பனிபடு தைத்திங்கட் புலர்காலையில், குரங்குக் குல்லாய் என்னும் கம்பளி மகுடம் கவித்து, கட்டம் போட்ட லுங்கியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டி, இடக்கையில் எண்ணெய்ப் புட்டியும் வலக்கையில் வளைந்த இரும்பு ஹேண்டிலும் ஏந்தி, பர்மாவில் கியாக்தான் ஊர்ப்புறத்துத் தன் வீட்டு முற்றத்தில் நெஞ்சு நிமிர்ந்து நின்ற பெருமகன் வாழ்க! இரும்பை எதிர்த்தவன் வாழ்க! இரண்டு எருதை விற்றவன் வாழ்க! எவர் சொல்லும் கேளாதவன் வாழ்க, வாழ்க!

இப்படி வாழ்த்துவது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். வாழ்த்தப்படுபவன்? அவனும் நான்தான். வேறு யாரும் முன்வராததால் இந்த வேலையையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. தன்னைத் தானே புகழ்வது நாகரிகமில்லை என்பதால், இனி இந்தக் காவியம் முழுக்க என்னை 'வீரன்' என்றே சொல்லிக்கொண்டு போவேன். நடுவில் எங்காவது வாய் தவறி 'நான்' வந்துவிட்டால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பகைவனைச் சொல்வேன், கேளீர். நாற்சக்கரன், ஒற்றைக்கொம்பன், கரும்புகை கக்குவோன், கடகடவென்னும் பேரொலியோன், கடல் கடந்து எந்நாட்டிலோ பிறந்து, நெல் ஆலையொன்றின் பின்கட்டில் கோழிகள் முட்டையிடும் கூடாரமாக நெடுங்காலம் தவமிருந்து, துருவே சட்டையாக, ஒட்டடையே உத்தரீயமாக அணிந்த கிழட்டு டீசல் ட்ராக்டர் அவன். ஒற்றைக்கொம்பு என்றது புகைக்குழாயை. அதன் மேல்மூடி என்றோ தொலைந்துபோனதால் ஆலைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்த டப்பாவையும் சேர்த்துத்தான் வாங்கினேன்.

வாங்கிய கதை கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, அறுவடை முடிந்த கையோடு, வீரன் ஒரு வேலையாக யாங்கோன் சென்று, சுலே பகோடா பக்கத்து டீக்கடை ஒன்றில் குட்டி நாற்காலியில் கால் மடக்கி அமர்ந்திருந்தான். அப்போது எதிர்நாற்காலிப் புண்ணியவான் ஒருவர், பழைய ட்ராக்டர் ஒன்று இருக்கிறது, அது உழும், வண்டி இழுக்கும், விறகு சுமக்கும், தண்ணீர் கொண்டுவரும், பனிக்காலத்தில் வீட்டு வேலை முழுவதையும் ஒற்றை ஆளாய்ப் பார்க்கும், புல் கேட்காது, சாணி போடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். விட்டால் கால் பிடித்து விடும் என்றும் சொல்லியிருப்பார். வீரன் அவர் சொல்லி முடிப்பதற்குள் மயங்கிவிட்டான். டீக்கு அவரே காசு கொடுத்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ட்ராக்டர் வந்தது, எருதுகள் போயின. வெள்ளையன், சிங்காரம் என்னும் திருநாமம் பூண்டு, பால்குடி மறக்காத கன்றாய் வந்த நாள் முதல் என் மனைவி அம்சவேணியின் கையால் தவிடும் கழுநீரும் உண்டு வளர்ந்த அவ்விரு பெருந்தகையோரும், முள்மூங்கில் வேலிக்கு அந்தப்புறம் வாழும் பர்மிய அண்டைவீட்டார் ஊ சான் மியாவின் கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தனர். வெகுதூரமில்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதுதான் வினையாயிற்று. மாலைதோறும் இரண்டும் வேலியோரம் வந்து நின்று எங்கள் வீட்டையே பார்க்கும். அம்சவேணி இந்தப் பக்கம் நின்று அவற்றைப் பார்ப்பாள். நான் ட்ராக்டரைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மூன்று பேரையும் பார்க்காமல் இருப்பேன்.

எருதுகளை ஓட்டிப்போன அன்று அவள் அழவில்லை, ஏசவில்லை. நெற்றி நெற்றியாய்த் தொட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டு உள்ளே போனாள். அத்தோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரே மகளை யாங்கோன் தாமுவேயில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அம்சவேணி சொல்ல வேண்டியதையெல்லாம் நடுவீட்டுத் தூணிடம் சொல்வாள். "தூணே, சோறு போட்டாச்சு." "தூணே, பனிக்குத் துணி நனையுது, யாராச்சும் எடுத்தா நல்லது." தூணும் நானும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். வேடிக்கையாகச் சொல்லிவிட்டேனே தவிர, உண்மையில் எனக்கு அது தாங்கவே இல்லை. இரண்டு மாதமாக அவள் 'ஏங்க' என்று கூப்பிடாத வீட்டில், சோறு இறங்கினால் தானே உடம்பில் ஒட்டும்.

பொங்கலுக்கு முந்தைய நாள், தூணின் முன் நின்று அம்சவேணி தன் அரசாணையைப் பிறப்பித்தாள். அதை அவள் சொன்னபடியே தருகிறேன். அதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

"தூணே, நல்லாக் கேட்டுக்க. மாட்டுப் பொங்கப் பானைக்கு இத்தன வருசமா நம்ம மாடுங்கதான் தண்ணி கொண்டாந்துச்சு. இந்த வருசம் அந்த இரும்பு கொண்டாரட்டும். அன்னிக்கு உச்சிக்குள்ள குளத்துத் தண்ணி வாசலுக்கு வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்கிறேன். வரலன்னா அந்தச் சனியன் இந்த வாசல்ல நிக்கப்படாது. நானும் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

இங்கே வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. பனிக்காலம் பிறந்தால் எங்கள் பக்கத்து ஆற்றில் உப்பு ஏறும். கிணற்று நீரும் கரிக்கத் தொடங்கும். குடிக்கவும் பொங்கவும் ஊர்க்கோடி மழைநீர்க் குளத்திலிருந்துதான் பீப்பாயில் கொண்டுவர வேண்டும். அதை எங்கள் எருதுகள் கண்ணை மூடிக்கொண்டு செய்தன. அதே வேலையை ட்ராக்டர் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், என் மானமும் மிஞ்சும், என் மனைவியும் பேசுவாள்.

எனவே மாட்டுப் பொங்கலன்று பொழுது புலருமுன்பே வீரன் போர்க்களம் புகுந்தான். குளிரோ குளிர்! இந்த ஊர்க் குளிரென்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆண்டு முழுவதும் வெந்த உடம்புக்கு விடியற்காலைப் பனி போதும், பல் தந்தியடிக்கும். ட்ராக்டரின் முகத்தில் பனி வடிந்து, அழுவது போலிருந்தது. அது நடிப்பு என்று பிறகு தெரிந்தது.

காவியமென்றால் காப்பு வேண்டும். வீரன் கண் மூடிக் கை கூப்பி மும்முறை வேண்டினான்: "மஞ்சள் நெய்யே, டீசல் தாயே, குழாய்தோறும் உறையாது ஓடுவாய்! பேட்டரித் தேவே, உன் இரு கொம்பும் பச்சை பூத்திருப்பினும் உள்ளே ஓர் உயிர்ப்பொறி வைத்திருப்பாய்! புகைக்குழாய்ப் பெருமானே, தகர டப்பா உன் தலையிலிருந்து விலகியது, தடையின்றி மூச்சு விடுவாய்!" என்று இறைஞ்சி, இருக்கையில் ஏறி, சாவியைத் திருகினான்.

'டிக்' என்றது.

மறுபடி திருகினான். மறுபடி 'டிக்'. இரண்டு மாதம் நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய அந்த யந்திரம், பல்லி போல ஒரு சொல் சொல்லிவிட்டு வாய்மூடிக்கொண்டது. வேலிக்கு அப்பால் சிங்காரம் தும்மிற்று. எனக்கென்னவோ அது தும்மலாகப் படவில்லை.

பேட்டரித் தேவன் கைவிட்டாலென்ன, புயவலி உண்டே! எடுத்தான் ஹேண்டிலை, கோத்தான் யந்திரத்தின் மூக்கிலே, ஊன்றினான் காலை, உருட்டினான் விழியை, திணிதோள் புடைக்க, நரம்பெல்லாம் முறுக்கேற, குல்லாய் ஒருபக்கம் சரிய, அடிவயிற்றிலிருந்து எழுந்த 'ஹோ' என்னும் ஒற்றைப் பேரோசையோடு சுழற்றினான், சுழற்றினான், மேலும் சுழற்றினான் எங்கள் வீரன். உள்ளே ஏதோ புரண்டது. 'டுப்' என்று ஒன்று கேட்டது. புகைக்குழாயிலிருந்து சின்னதாய்ப் புகை வந்தது. "வந்துட்டியாடா வழிக்கு!" என்று வீரன் முழங்கிய அதே கணத்தில், ஹேண்டில் எதிர்ப்பக்கமாக ஓர் உதை உதைத்தது பாருங்கள்! அதன்பின் அவன் கண்டது வானம், வைக்கோல், மறுபடி வானம். வைக்கோல் போரின் உச்சியில் அடைகிடந்த கோழி எழுந்து, எனக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனது.

"தூணே," என்று உள்ளிருந்து குரல் வந்தது, "வாசல்ல ஏதோ விழுந்துச்சு, உருப்படியானதா இருந்தா எடுத்து வையி."

புண்பட்டான் வீரன், ஆயினும் பின்வாங்கினானில்லை. நெடுநேரம் சிந்தித்து ஓர் உண்மையைக் கண்டறிந்தான்: குளிரால் எண்ணெய் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, அடிவயிற்றைச் சூடாக்கினால் இளகும். ஆலைகளில் லாரிக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி வண்டிக்கு அடியில் வைப்பதை வீரன் முன்பே கண்டிருக்கிறான். கண்டிருக்கிறானே அன்றிக் கவனித்திருக்கவில்லை. ஒரு கட்டு வைக்கோலைத் தகட்டில் பரப்பி, தீமூட்டி, ட்ராக்டரின் வயிற்றுக்கடியில் தள்ளி, தானும் குப்புறப் படுத்து ஊதினான். தீ எழுந்தது. யந்திரத்துக்கு இதமாக இருந்திருக்கும். வீரனின் லுங்கி முனைக்கும் இதமாக இருந்தது போலும், அதுவும் பற்றிக்கொண்டது.

ஆ! எரிதழல் பின்தொடர, முற்றத்தை மும்முறை வலம் வந்து, "தண்ணி, தண்ணி!" என்று திசைநான்கும் அதிர அவன் கூவிய காட்சியை எங்ஙனம் உரைப்பேன்! தண்ணீர் ஏது? பானைகள் அத்தனையும் காலி. ட்ராக்டர் கொண்டுவரும் என்று நான்தானே முந்தைய நாள் மிச்சத்தையெல்லாம் அதைக் குளிப்பாட்டித் தீர்த்தேன்! அப்போது அம்சவேணி வெளியே வந்தாள். வெள்ளையனுக்கும் சிங்காரத்துக்கும் வேலிவழியே ஊற்ற வைத்திருந்த கழுநீர்த் தொட்டியை இரு கையாலும் தூக்கி, என் இடுப்புக்குக் கீழே குறி தவறாமல் ஒரு வீச்சு. தீ அணைந்தது. தவிடும் உமியும் வழிய நான் நின்றேன். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன். சிரிப்பா, கோபமா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னைப் பார்த்து வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கூச்சல் கேட்டு ஊ சான் மியா வேலிப்படலைத் திறந்துகொண்டு வந்தார். தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய கன்னம், வாயில் வெற்றிலை, தோளில் துண்டு. என்ன நடந்தாலும் பதறாத மனிதர். எங்களோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுவார். ட்ராக்டரைப் பார்த்தார், என் லுங்கியைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார்.

"கெய்ச மஷிபூ, கோ செல்லையா!" என்றார். ஒன்றும் கவலைப்படாதே என்பதற்கு அவர் வழக்கமாகச் சொல்வது அது. "நம்ம மாடு ரெண்டு இருக்கே! முன்னால கட்டுவோம், இழுக்கும். உருள உருளக் கிளம்பிடும்."

கேட்டீர்களா, உலகத்தீரே! எருதுகளை வென்று ஆள வந்த யந்திரத்தை எழுப்ப எருதுகளே வர வேண்டுமாம். வீரனின் மானம் அந்த இடத்தில் ஒருமுறை செத்துப் பிழைத்தது. ஆனாலும் சூரியன் ஏறிக்கொண்டிருந்தான், உச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினேன்.

"வேணாம்ண்ணே!" என்றாள் அம்சவேணி. அவரிடம்தான் சொன்னாள், என்னிடமில்லை. "இன்னிக்கு மாட்டுப் பொங்கலு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அதுங்க கழுத்துல நுகம் ஏறக்கூடாது. நீங்க வாங்கினதா இருந்தாலும் வளத்தவ நானு. கையெடுத்துக் கும்பிடுறேன், வேணாம்."

ஊ சான் மியா தலையில் அடித்துக்கொண்டார். "ஓ, மறந்தே போச்சு தங்கச்சி! சரி சரி, மாடு வேணாம்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்து மெல்லக் கேட்டார்: "அப்ப இழுக்கிறது யாரு?"

ஊ சான் மியா என்னைப் பார்த்தார். அவர் வீட்டுக் களத்து ஆட்கள் வேலியோரம் கூடி நின்று என்னைப் பார்த்தார்கள். வெள்ளையனும் சிங்காரமும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. அம்சவேணி மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் வாசலிலிருந்து எட்டி.

அப்போது நிமிர்ந்தான் வீரன். தவிடு உதிர, கருகிய லுங்கி அசைய, குல்லாயைச் சரிசெய்து, விண்ணும் மண்ணும் கேட்க முழங்கினான்: "கேண்மின், கேண்மின்! எருது பூணா நுகத்தை இன்று யான் பூண்பேன்! ஆண்டுதோறும் அவை சுமந்ததை ஒரு நாள் நான் சுமந்தால் குறைந்தா போவேன்? இவ்விரும்பை இழுத்து எழுப்புவேன்; உச்சிக்குள் நீர் கொணர்வேன்; இன்றேல் இந்த மீசையை மழித்துவிட்டு யாங்கோன் பேருந்தில் ஏறி மகள் வீட்டில் போய்க் கிடப்பேன்!"

"தூணே," என்றாள் அம்சவேணி, "கொட்டில்ல மாடு இல்ல இல்லன்னு நெனச்சேன். ஒண்ணு இருந்திருக்கு பாரு."

பரணிலிருந்து பழைய நுகத்தடி இறங்கியது. அதன் ஒரு பக்கம் வீரனின் கழுத்தில். மறுபக்கம் வெறுமையாய்க் காற்றில். கயிற்றின் ஒரு முனையை நுகத்தில் கட்டி, மறுமுனையை ட்ராக்டரின் முகத்தில் பிணைத்தார் ஊ சான் மியா. ட்ராக்டரின் பின்னால் மாட்டியிருந்த தண்ணீர்ப் பீப்பாய் வண்டியை இப்போதைக்குக் கழற்றி வைத்தோம், கிளம்பியபின் மாட்டிக்கொள்ளலாமே. பின்னாலிருந்து தள்ள ஆட்கள் அணிவகுத்தனர். எல்லாம் ஆயிற்று என்று நினைத்தபோது, ஊ சான் மியா ஓடிப்போய் ஒரு சாமந்தி மாலையோடு வந்தார். எருதுகளுக்கென்று அம்சவேணி காலையில் கட்டி அவரிடம் கொடுத்திருந்த மாலை அது. பரம பக்தியோடு அதை என் கழுத்தில் போட்டார்.

"நுகம் பூட்டுற கழுத்துக்கு இன்னிக்கு மாலை போடுறதுதானே உங்க வழக்கம்?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. 'பொங்கலோ பொங்கல்!' என்று களத்து ஆட்கள், ஆண்டுதோறும் எங்கள் வாசலில் கேட்டுப் பழகிய பாட்டை, பர்மிய ராகத்தில் பாடத் தொடங்கினார்கள்.

ஒரு குறை மிஞ்சியது: இருக்கையில் யார்? உருளும்போது கிளட்ச்சை மிதித்திருந்து, தக்க தருணத்தில் காலை விட ஓர் ஆள் வேண்டும். ஊ சான் மியா இரும்பில் ஏறமாட்டார். ஆட்கள் தள்ள வேண்டும். நானோ மாடாகியிருந்தேன். அம்சவேணி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "பானைக்குத் தண்ணி வரணும்ல," என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிவிட்டு, சொன்னவளே ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அதன் நிழலைக்கூட மிதிக்காதவள்!

"இடது கால அழுத்தி வச்சுக்க. நான் 'விடு'ன்னா விட்டுடு," என்று கற்பித்தேன். விட்டபிறகு என்ன செய்ய வேண்டும், நிறுத்துவது எப்படி என்பதையெல்லாம் சொல்லவில்லை. ஏனென்றால், காவியத்தில் பொய் சொல்லக்கூடாது, அது கிளம்பும் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை.

புறப்பட்டது படை. முன்னே நுகம் பூண்ட மார்பன், மாலை அணிந்த கழுத்தன், மூச்சிரைக்கும் வாயன். நடுவே கிழட்டுக் கரும்பூதம். அதன் முதுகில் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்சவேணி. பின்னே 'ஏலேலோ'வும் 'பொங்கலோ'வும் கலந்து கத்தும் தள்ளுபடை. வாசல் தாண்டி, வேலி தாண்டி, குளக்கரைக்குச் செல்லும் மண்பாதையில் ஏறினோம். முதலில் நத்தையாய் நகர்ந்தது. பிறகு நடந்தது. பாதை சரிவு காணத் தொடங்கிய இடத்தில், இழுப்பது நானா அது என்னைத் தள்ளுகிறதா என்று ஐயம் பிறந்தது. இதுவே தருணம் என்று துணிந்தான் வீரன்.

"விடூஊஊ!"

விட்டாள்.

என்னென்பேன், எங்ஙனம் பாடுவேன்! ஒரு விக்கல், ஒரு குலுக்கல், மலை உருண்டது போன்றதோர் இடிமுழக்கம். ஒற்றைக்கொம்பு கரும்புகையைக் கக்கிற்று. தள்ளிய படை தள்ளியபடியே முகங்குப்புற மண்ணில் சாய்ந்தது. நாங்கள் எழாது என்று எண்ணிய பெரும்பூதம் எழுந்தேவிட்டது! "வென்றேன்!" என்று கூவினான் வீரன். கூவி முடிக்குமுன் திரும்பிப் பார்த்தான். பூதம் அவனைத் துரத்தி வந்துகொண்டிருந்தது.

ஓடினான். கழுத்தில் நுகம், நுகத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் துரத்துபவன். இப்படியொரு போர்முறை எந்தக் காலத்திலாவது உண்டா சொல்லுங்கள்! பகைவனோடு தன்னைத் தானே கட்டிக்கொண்டு பகைவனிடமிருந்து தப்பி ஓடுகிறான். மாலை பறந்தது, குல்லாய் பறந்தது, கருகிய லுங்கி பறக்கவா வேண்டாமா என்று யோசித்தது. பாதையோரத்து வாத்துகள் வழிவிட்டு ஒதுங்கின. குளக்கரை கண்ணில் பட்டது. கால் தளர்ந்தது. இதோ, இதோ, முதுகில் சூடு தெரிகிறது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஐயோ, ஏங்க! ஓடுங்க! சோத்தாங்கைப் பக்கம் வெலகுங்க! ஏங்க, உங்களத்தான்!"

தூணுக்கு அல்ல. ஸ்டியரிங்குக்கு அல்ல. ஊ சான் மியாவுக்கு அல்ல. எனக்கு! இரண்டு மாதம் கழித்து, ஊர் கேட்க, 'ஏங்க' என்று, அதுவும் இரண்டு தடவை! அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் சோற்றாங்கைப் பக்கம் விலகியிருப்பான். எங்கள் வீரன் என்ன செய்தான் தெரியுமா? நின்றான். ஓடுவதை நிறுத்தி, பாதை நடுவில், நுகத்தோடு முழுசாகத் திரும்பி, முகமெல்லாம் பல்லாக, "என்ன சொன்னே வேணி?" என்று கேட்டான்.

அவள் அலறிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தாள். பூதம் என்னை ஒரு முழ இடைவெளியில் தாண்டி, பாதையை விட்டிறங்கி, குடிநீர்க் குளத்துக்கு இப்பால் இருந்த எருமைக்குட்டைக்குள் கம்பீரமாக இறங்கியது. கயிறு சும்மா இருக்குமா? அதன் பின்னாலேயே நானும் இறங்கினேன், ஆகாய மார்க்கமாக. 'கொளக்' என்று ஒரு சத்தம். மூக்கில் சேறேறிய யந்திரம் இரண்டு தடவை இருமி அடங்கியது. ஊருக்குக் குடிக்கக் கொடுக்கும் குளத்தில் விழாமல் குட்டையில் விழுந்தோமே, அதற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். முன்பே அங்கே ஊறிக்கொண்டிருந்த எருமைகள் இரண்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டன.

இருக்கை சேற்றுக்கு மேலேயே நின்றதால் அம்சவேணிக்குப் புடவை ஓரம்கூட நனையவில்லை. நான் எழுந்தேன். தலை முதல் கால்வரை ஒரே நிறமாய், கழுத்தில் நுகத்தோடு, மீசையிலிருந்து சேறு சொட்ட எழுந்தேன். அவள் இருக்கையிலிருந்தே குனிந்து, முந்தானையால் என் கண்ணிரண்டையும் துடைத்தாள். "செத்துக் கித்துத் தொலைஞ்சீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? அறிவிருக்கா?" என்றாள். கண்ணில் நீர். உடனே அதை மறைக்கக் கத்தத் தொடங்கினாள்.

வீரனின் தோல்வியை இனிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ட்ராக்டர் கொண்டுவரவில்லை. ஊ சான் மியா தோள்கம்பும் இரண்டு தகர டின்னும் கொண்டுவந்தார். ஒரு டின்னை என் தலையில் கவிழ்த்துச் சேற்றைக் கழுவினார். அதன்பின் நானே குளத்தில் மொண்டு, தோளில் சுமந்து, வாசலில் இறக்கினேன். உச்சி தாண்டிவிட்டதா என்று யாரும் சூரியனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் போட்ட ஆணைப்படி பார்த்தால் அவள் வாய் திறந்திருக்கக் கூடாது. அதைச் சுட்டிக்காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளையாக, அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமாக, சும்மா இருந்துவிட்டேன்.

பானை ஏறியது, அடுப்பு எரிந்தது, பால் பொங்கியது, வேலியோரம் வெள்ளையனும் சிங்காரமும் காத்து நின்றன. அம்சவேணி கரண்டியும் கையுமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். டீக்கடையில் முன்பின் தெரியாதவன் சொன்னதைக் கேட்டு வீட்டை விற்றுவிட்டு வராததே பெரிசு என்றாள். மாட்டை விற்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஒரே ஒரு வார்த்தை என்றாள். அந்த இரும்பை ஊ சான் மியா அண்ணன் கேட்கிற விலைக்கு, கேட்கவில்லையென்றால் சும்மாவாவது, தள்ளிவிட்டுக் கடனோ உடனோ வாங்கி இரண்டு பேரையும் வேலிக்கு இந்தப் பக்கம் ஓட்டி வாங்க என்றாள். எரிந்த லுங்கி மகள் வாங்கிக் கொடுத்தது என்றாள். எங்கம்மா அன்றைக்கே சொன்னாள் என்றாள். ரெண்டு மாசமா உங்ககிட்டப் பேசாம எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும் என்றாள், வெல்லத்தைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.